கெட்டுப்போகாத கல்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? நான் நலம்.

எரிமலைத் தீவுகளுக்குப் பின்புறம் கடலடியில் எடுத்த எரிமலைக்கல் ஒன்றில் பேரியம் என்ற தனிமம் ஏகத்துக்கு இருந்தது. "கடல்தண்ணி ஊறிக் கெட்டுப்போன கல்லும்மா, தூக்கிப் போடு" என்றார் பேராசிரியர். எனக்கு மனசு கேட்கவில்லை. எரிமலைக் குழம்பு கடலில் சட்டென்று குளிரும்போது கல்லின்மேல் கண்ணாடி மாதிரி ஒரு மேலோடு உண்டாகும்; தண்ணீர் ஊறாத அந்த மேலோட்டை மட்டும் பெயர்த்து மறுபடி சோதித்தேன். அதே அளவு! அப்படியென்றால் பேரியம் கடல்தண்ணீரில் ஊறி வந்ததில்லை. பூமிக்குள் அமிழ்ந்துபோன பழைய கடல்தரை கக்கிய நீர்தான் அதைச் சுமந்து வந்திருக்கிறது.

"அப்பா, கிடைச்சிருச்சு!" என்று ஆய்வகத்திலேயே கத்திவிட்டேன். பேராசிரியர் முடிவை மூன்று முறை பார்த்துவிட்டு, "நான்தாம்மா அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

ஓடு பெயர்க்கும்போது விரலில் சின்ன வெட்டு, இரண்டே தையல். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

ஆய்வகத்தில் மேலே போட்டுக்கொள்ள உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

இயந்திரம் கூப்பிடுகிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்