ட்ரெபிள் குமிழைத் திருப்புவது யார்?

சேசு மரி சூசை துணை

அட்டுவம்பட்டி, கொடைக்கானல்
18 நவம்பர் 1963

அன்புள்ள மருமகன் ஜெபதுரைக்கு,

தாய்மாமன் அருளப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, என் மகள் லீமா மூவரும் ஆண்டவர் புண்ணியத்தில் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீ சுகமா என்றுதான் எப்போதும் கேட்பேன். இந்தத் தடவை உன் வீட்டில் யார் யார் சுகம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. காரணம் பின்னால் வருகிறது. கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, உன்னை எனக்குத் தெரியும்.

ஜெர்மனியிலிருந்து நீ கப்பலில் அனுப்பிய பாட்டுப் பெட்டி வந்து சேர்ந்தது. ஏற்றிவந்த லாரி பெருமாள்மலையில் மூச்சு முட்டிப் படுத்துவிட்டது, தூக்கிவந்த கூலிகள் இன்னும் நிமிரவில்லை. பிரித்தால் ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு டேப் ரிக்கார்டர், பீரோ உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். இத்தனை வருஷமாகக் கிறிஸ்துமசுக்கு ஒரு கைக்குட்டை அனுப்பியவன் திடீரென்று அரண்மனைச் சாமான் அனுப்புவானேன்? மிஷன் பள்ளியில் ஸ்டோர் கீப்பராகக் காலம் தள்ளியவன் நான். கேட்காமல் வருகிற சரக்கைச் சந்தேகப்படாமல் ஒரு நாளும் உள்ளே விட்டதில்லை. ஆனாலும் சாட்சி இல்லாததால் உன்னை மன்னித்து, பெட்டியை முன்னறையில் வைத்தேன்.

புது ஸ்பீக்கருக்குள் இருக்கும் காகிதக் கூம்பு விறைப்பாக இருக்கும், தினமும் நாலைந்து மணி நேரம் ஓடவிட்டால்தான் இளகும், அதற்குப் பிறகு கனத்த சத்தத்துக்கான பாஸ், மெல்லிய சத்தத்துக்கான ட்ரெபிள் குமிழ்களைச் சரிபாருங்கள் என்று எழுதியிருந்தாய். புதுச் செருப்பைக் காலுக்குப் பழக்குவதுபோல அந்த ராட்சசனைப் பழக்கினேன். பாஸ் குமிழைக் கொஞ்சம் கூட்டியதற்கே கீழே வெள்ளகவி கிராமத்தில் மலை சரிகிறது என்று மாட்டை அவிழ்த்துவிட்டார்களாம். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தால் சத்தம் ஊறிப்போகிறது என்று பக்கத்தில் கரியடுப்பு மூட்டி வைத்தேன். எதை ஓடவிட்டுச் சரிபார்ப்பது? எனக்கு அத்துப்படியான குரல் உன் குரல்தான். பெட்டியோடு நீ பேசி அனுப்பிய டேப்பையே ஓடவிட்டேன். முதல் வாரம் பானைக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. இது என் மருமகனே இல்லை, எவனோ ஒரு ஜெர்மன்காரன் தமிழ் படித்துக்கொண்டு ஏமாற்றுகிறான் என்றேன். இரண்டாவது வாரம் இளகிவிட்டது. ட்ரெபிள் குமிழைக் கூட்டக் கூட்ட, நீ எச்சில் விழுங்குவது கேட்டது, நாற்காலி முனகுவது கேட்டது. 'அம்மா, நான் இங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறேன்' என்று சொல்கிறாயே, அந்த இடத்தில் பின்னாலிருந்து ஒரு மெல்லிய கீச்சும் கேட்டது. கதவுக் கீல் என்று நினைத்தேன். அப்புறம் பூனை என்று நினைத்தேன். அந்தக் கீச்சு தெளிவாகக் கேட்கிற இடத்தில் குமிழுக்குப் பென்சிலால் அடையாளமும் போட்டேன்.

அங்கேதான் வந்தது வினை. காலையில் பார்த்தால் குமிழ் அடியோடு இறங்கிக் கிடக்கிறது! திரும்ப ஏற்றுவேன், திரும்ப இறங்கும். பெட்டிக்குக் கம்பி மாட்டிக் கொடுத்த பஜார் ரேடியோ மயில்சாமியைச் சந்தேகப்பட்டேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயா, இதுக்குப் பக்கத்துல வரவே எனக்குப் பயமா இருக்குங்க, நான் எங்க இதுல கை வைக்க?" என்றான். எலியைச் சந்தேகப்பட்டேன், பனியைச் சந்தேகப்பட்டேன், ஒரு மணி நேரம் சாத்தான் லூசிபரையே சந்தேகப்பட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை, அக்காவுக்கு மூட்டுவலி என்பதால் நான் மட்டும் பூசைக்குப் புறப்பட்டேன். லீமாவுக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி. பாதி வழியில் திரும்பி வந்து பேரிக்காய் மரத்தடியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உன் அம்மா கித்தேரியம்மாள், ரேடியோவைத் தொட்டாலே ஷாக் அடிக்கும் என்கிற மகராசி, டேப்பை ஓட்டுகிறாள், அந்த இடம் வந்ததும் ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக் கேட்கிறாள், டேப்பைத் திரும்பச் சுற்றி மறுபடியும் கேட்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ட்ரெபிள் குமிழை அடிமட்டத்துக்கு இறக்கினாள்.

நான் உள்ளே போய், "என்னக்கா சோலி இது?" என்றேன். "சத்தம் போடாதலே. அது பூனையுமில்ல, கீலுமில்ல. கைப்பிள்ள அழுகுது. நல்லாக் கேளு, ஒருத்தி 'உஷ்'ஷுங்குறா, அப்புறம் கதவு சாத்துது. லீமா காதுல விழுந்துறக் கூடாதுன்னுதான் தெனமும் எறக்கி வைக்கிறேன்" என்றாள். நான் சிங்கம்போல் கர்ஜித்திருக்க வேண்டும். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, ஞானஸ்நானம் குடுத்திருப்பானா?" என்கிறாள். யார் பெண், எந்த ஊர், எப்போது கல்யாணம், ஒன்றும் கேட்கவில்லை.

நான் கேட்கிறேன். லீமா உனக்குத்தான் என்று உன் அத்தை உயிரோடு இருக்கும்போதே பேசிவைத்தது உனக்குத் தெரியாதா? வத்தலக்குண்டு வாத்தியார் வீட்டுக்காரர்கள் பெண் கேட்டு வந்தபோது உன் பெயரைச் சொல்லித்தானே திருப்பி அனுப்பினேன். அப்போதே நீ ஒரு வரி எழுதியிருக்கலாமே. இன்னொரு சந்தேகமும் என்னைக் குடைகிறது. நீ வேலை பார்ப்பதே ரேடியோ கம்பெனியில். எந்தக் குமிழைத் திருப்பினால் எது கேட்கும் என்று உனக்குத் தெரியாமலா இருக்கும்? வாயால் சொல்லத் தைரியமில்லாமல், பெட்டியை விட்டுச் சொல்லவைத்தாயா? மறதியா, திட்டமா? மறதி என்றால் நீ மடையன், திட்டம் என்றால் கோழை. எது என்று நீயே எழுது.

லீமாவிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. அக்கா தடுத்தும் கேட்காமல், அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நாற்காலியில் உட்காரவைத்து, குமிழைப் பென்சில் அடையாளத்துக்கு ஏற்றி ஓடவிட்டேன். கேட்டாள். தானே பின்னால் சுற்றித் திரும்பக் கேட்டாள். பிறகு, "அப்பா, இது பசி அழுக இல்ல. எங்க வார்டுல தெனம் கேக்குறேன். காதுவலி அழுக மாதிரி இருக்கு. படுக்கப் போட்டா வீரிடும், தூக்குனா கொஞ்சம் அடங்கும். டேப்பு பேசி மாசமாயிருக்கும், இருந்தாலும் வெரசா டாக்டர்ட்ட காட்டச் சொல்லி அத்தானுக்கு எழுதுங்க. எண்ணெய், கிண்ணெய் ஊத்திறப் போறாங்க" என்றாள். மூஞ்சி கழுவப் போனவள் கதவருகில் நின்று, "வத்தலக்குண்டுக்காரங்க இன்னொருக்கா வந்தா இருக்கச் சொல்லுங்க, நான் காப்பி கொண்டாறேன்" என்றாள். அதற்குப் பிறகு வெகுநேரம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆகவே ஜெபதுரை, உன்னைத் திட்டுவதற்கு நான் சேர்த்துவைத்திருக்கும் வார்த்தைகள் கொடைக்கானல் ஏரியை நிரப்பி வழியும், அவை எங்கும் போய்விடாது. இந்தக் கடிதம் கண்டதும் குழந்தைக்குக் காது எப்படி இருக்கிறது என்று தந்தி கொடு. உன் விளக்கம் மெதுவாகக் கப்பலிலேயே வரட்டும். காதில் எண்ணெய் ஊற்றாதே. ஆணா பெண்ணா, என்ன பெயர், ஞானஸ்நானம் ஆயிற்றா, இந்த மூன்றையும் தந்தியிலேயே சேர்த்துவிடு, இல்லாவிட்டால் உன் அம்மா கால்நடையாகவே ஜெர்மனிக்குப் புறப்பட்டுவிடுவாள். இனி டேப் அனுப்பினால் அந்தப் பெண்ணைக் கதவுக்கு வெளியே நிறுத்தாதே. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவளும் பேசட்டும், எந்தப் பாஷையானாலும் சரி. உனக்கும், பெயர் தெரியாத அவளுக்கும், அந்தச் சின்ன உயிருக்கும் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் தணியாத, ஆனாலும் தந்திக்காரன் வருகிறானா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் உன் தாய்மாமன்,
அருளப்பன்