பேடா வாங்காத ஆண்டு

இன்று காலை அலுவலகத்தில் ஓவனைத் திறந்தேன். இரண்டு நாளாக உள்ளே காய்ந்துகொண்டிருந்த தேக்குச் சருகின் வாசனை, கருகவிட்ட டீத்தூள் மாதிரி, முகத்தில் அடித்தது. உன் வாசனை அது. தொம்மலூர் பஸ்ஸில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்தால், தலை நிறைய மல்லிகை இருந்தாலும் இதுதான் வரும். "செண்ட் போட்டுனு வந்திருக்கேன்டி, மோந்து பாரு" என்று கையை என் மூக்கருகே நீட்டுவாய். சருகுப் பையை எடுத்துத் தராசில் வைத்தேன். எடையை இரண்டு தடவை பார்த்தேன். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உனக்கு எழுதுகிறேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரியாததா? லிஃப்ட் என்றால் பயம், நாய் என்றால் பயம், சார் தொண்டையைக் கனைத்தாலே பயம். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன், நீ காட்டுக்குப் போனாய். காட்டுத் தீயால் நாட்டில் ஆண்டுதோறும் எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்று கணக்குப் போடுவதுதான் நம் வேலை. எரிந்த இடம் எவ்வளவு என்று செயற்கைக்கோள் படத்தில் நான் அளப்பேன். எரிவதற்கு அங்கே என்ன இருந்தது என்று நீ அளப்பாய். பிவிசி குழாயை ஒட்டி நீயே செய்த சதுரச் சட்டம், பக்கத்துக்கு ஒரு மீட்டர். அதைத் தரையில் போட்டு, உள்ளே கிடக்கும் சருகையெல்லாம் பொறுக்கி, காயவைத்து எடை போட்டு ஒரு தாளில் எழுதித் தருவாய். அந்த எடையை என் பரப்போடு பெருக்குவேன். புகைக் கணக்கு வந்துவிடும்.

ஒரே ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு போனாய், சாம்ராஜநகர் பக்கத்துக் காட்டுக்கு. எதிர் மலையில் எரிந்துகொண்டிருந்த தீ, காற்று திரும்பியதும் நம் பக்கம் வந்தது. ஜீப் நின்ற இடத்துக்கு ஓடினோம். தராசைப் போட்டுவிட்டு ஓடிய நீ, சட்டத்தை மட்டும் விடவில்லை. பின்னால் மூங்கில் ஒவ்வொன்றாக வெடித்தது. திரும்பி வரும்போது மைசூரு தாண்டும் வரைக்கும் சட்டத்தை மடியிலேயே வைத்திருந்தாய். அப்புறம் சொன்னாய்: "எனக்கே பயமா இருந்துச்சிடி. கோலார்ல நாங்க சின்னப் பிள்ளையா இருக்க சொல்ல, கீழ சுரங்கத்துல வெடி வெச்சா வூட்ல பாத்திரம் அதிரும். நாங்க பாட்டுக்குத் தூங்குவோம். இது அப்படி இல்ல." நீ பயந்ததைப் பார்த்துத்தான் நான் உண்மையாகவே பயந்தேன்.

பேடா விஷயத்துக்கு வருகிறேன். வருத்தம் அங்கேதான் இருக்கிறது. வருஷா வருஷம் வரைபடத்தில் புகைக் கோடு இறங்கிக்கொண்டே வந்தது. போன வருஷம் நான் ஒரு கிலோ தார்வாட் பேடா வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். நீ கையில் வாங்கினாய், வாயில் போடவில்லை.

"எரிஞ்ச இடம் கம்மி ஆச்சா?"

"இல்ல, அது அப்படியேதான் இருக்கு."

"அப்ப இன்னா கொண்டாட்டம்? சுரங்கம் மூடுற சமயத்துல, இப்பல்லாம் விபத்தே இல்லன்னு தெருவுல பெருமையாப் பேசிப்பாங்களாம். எங்கப்பா சிரிப்பாரு. ஆளு எறங்கினாத்தானேடி விபத்து?"

எனக்கு எரிச்சலாக வந்தது. "ஒரு நல்ல சேதிகூட உனக்குப் பொறுக்காதா?" என்று கத்திவிட்டேன். பேடாவைத் தாளில் சுற்றி என் கீபோர்டு மேல் வைத்துவிட்டுப் போனாய். அடுத்த மாதம், விவேக் நகர் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டாய். அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது. நீ தந்த எடையை எத்தனையோ வருஷம் பெருக்கினேன். நீ அங்கே எதைப் பார்த்துவிட்டு வருகிறாய் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. அதனால் இந்தப் பிப்ரவரியில் நானே போனேன். பஸ்ஸில் சட்டத்தைப் பார்த்துவிட்டு கண்டக்டர், "ஏன் மேடம், ஊர்ல ஜன்னல் கிடைக்காதா?" என்றார். உனக்குப் பிடித்திருக்கும். வனக்காவலர் கூடவே வந்து இடத்தைக் காட்டினார். நீ மஞ்சள் பெயிண்ட் அடித்துவைத்த மரங்களில் பாதி இல்லை. இடையெல்லாம் உண்ணிச்செடியும் புல்லும். "அந்த எடத்துல மத்தியானம் படுத்துத் தூங்கலாம், அவ்ளோ நெழலு" என்பாயே, அங்கேதான் நின்றிருந்தேன். உச்சந்தலை சுட்டது. நிமிர்ந்து பார்த்தால் நேராக வானம். சட்டத்தைப் போட்டுக் குனிந்தேன். சிமெண்ட் சாக்கு நிறையக் கட்டிக்கொண்டு வருவாய் நீ. எனக்கு ஒரு துணிப்பையே பாதிதான் நிறைந்தது. இடம் தப்போ என்று காவலரிடம் மூன்று தடவை கேட்டேன். இதுதான் என்றார்.

அந்தப் பைதான் இன்று ஓவனிலிருந்து வந்தது. எடையை எழுதும்போதே சார் எட்டிப் பார்த்தார். "இந்த வருஷமும் கோடு இறங்குதா? பேடா எங்கம்மா?" சாயங்காலம் அறிக்கை போகவேண்டும். வாயு வெளியேற்றம் தொடர்ந்து குறைந்துவருகிறது என்பது முதல் வரி, கீழே என் பெயர். வரியில் ஒரு பிழையும் இல்லை.

ஸ்டோரில் தேடி உன் பழைய மூட்டை ஒன்றை எடுத்தேன். அதே இடம், லேபிளில் உன் கோழிக் கிறுக்கல். இரண்டையும் தூக்கிக்கொண்டு போய் சார் மேசையில் வைத்தேன். "சார், ஒரே இடம். இது அவ கொண்டாந்தது, இது நான் கொண்டாந்தது." அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதை எழுதினா நூறு கேள்வி வரும். யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

"எழுதுங்க. ஆனா கையெழுத்து உங்களோடதுதான்."

எழுதிவிட்டேன். எரியும் பரப்பு குறையவில்லை, எரிவதற்கு அங்கே இருந்த காடுதான் குறைந்துவருகிறது என்று. முதல் வரியாகவே போட்டேன். நீ இருந்தால் முதுகில் ஒன்று வைத்து, "பொழச்சிக்கினடி" என்றிருப்பாய். பிழைத்த மாதிரித் தோன்றவில்லை. அனுப்பிய பிறகும் பயம் போகவில்லை. இது சாருக்கான பயமில்லை.

சட்டம் இப்போது என் நாற்காலிக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. அடுத்த பிப்ரவரியிலும் நான்தான் தூக்கிக்கொண்டு போவேன். என்றைக்காவது அதைப் போட்டு, குனிந்து, பொறுக்க ஒன்றுமே இல்லாமல் நிமிர வேண்டிவருமோ என்றுதான் பயம். அன்றைக்குக் கோடு அடியைத் தொட்டுவிடும். யாராவது ஒருவர் பேடா வாங்கிக்கொண்டு வருவார்.