அந்தத் தண்ணீர் ஆற்றுக்குப் போகவில்லை, லூர்து

என் லூர்துக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். முதியோர் வகுப்பில் சேர்ந்து இப்போதுதான் கற்றிருக்கிறேன். 'ழ' போட்டால் பாதி வரி போய்விடுகிறது. மண்வெட்டி பிடித்த கைக்குப் பேனா ரொம்பச் சின்னது. ஆனால் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. குத்தாலத்தில் இப்போது யாரையும் கேட்காமல் போர்டைப் பார்த்தே பஸ் ஏறுகிறேன்! கடைப் பெயர்களை எல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டு நடக்கிறேன்.

சொல்ல வந்தது வேறு. நம் மகள் ஸ்டெல்லாவுக்கும் தொண்டையில் உனக்கு வந்த அதே கட்டி. ஆபரேஷன் முடிந்துவிட்டது. உனக்குக் கொடுத்த கதிர்வீச்சு மருந்தையே அவளுக்கும் கொடுக்க, அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அதே தனி அறை. வாசலிலேயே அவள் நின்றுவிட்டாள்.

"அம்மா ரெண்டாவது தடவை ஏன் வரமாட்டேன்னாங்க? அதேதான்பா எனக்கும். நான் மாட்டேன்."

நான் அந்த அறையின் கண்ணாடியைப் பார்த்தேன். அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று நீ கேட்டாயே: "ஏங்க, என் ஒடம்புலேர்ந்து போற தண்ணிகூட ஆகாதுங்கிறாங்க. இந்தக் கக்கூஸ் தண்ணி எங்க போவுது?" எனக்கு மட்டும் தெரியுமா? நம் பக்கத்தில் எல்லாத் தண்ணீரும் வாய்க்காலுக்கு, வாய்க்கால் ஆற்றுக்கு, ஆறு அடுத்த ஊர் வயலுக்கு. வேறு எப்படி நினைப்போம்? மருந்து உடம்பிலிருந்து வெளியேற நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். நீ நாக்கை நனைத்துக்கொண்டு கிடந்தாய். நோய் திரும்பி வந்து மறுபடி கூப்பிட்டபோது, "நடவு பொம்பளைங்க கால் வெக்கிற தண்ணிங்க அது" என்று மறுத்துவிட்டாய். டாக்டரிடம் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு உன்னை எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

அப்போது நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நேர் மேலே ஒரு போர்டு இருக்கிறது, லூர்து. அப்போதும் இருந்ததாம். ஸ்டெல்லா கைக்குழந்தைக்காரி என்று அன்று அவளைப் பக்கத்திலேயே விடவில்லை. இருந்தது எழுத்துத் தெரியாத நாம் இருவர்தான். இப்போது அவள் தலை நிமிராமல் நிற்க, நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்த அறையின் கழிவுநீர் தனித் தொட்டியில் தேக்கப்படும், கதிர்வீச்சு அடங்கிய பிறகே வெளியேற்றப்படும் என்று இருந்தது.

"நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள அதுவா அடங்கிடும்பா" என்றாள். அழுதுகொண்டேதான் கிண்டல், உன்னைப் போலவே.

அந்த வழியாக வந்த நர்ஸை நிறுத்தினேன். "தொட்டி ரொம்பிட்டா என்னம்மா பண்ணுவீங்க?"

"அதை மூடிட்டு அடுத்த தொட்டியில விடுவோம் தாத்தா. இந்த மருந்து வீரியம் நாளாக நாளாகத் தானா கொறையும். அளந்து பாத்துட்டுத்தான் தொறப்போம்."

பயிருக்கு மருந்தடித்தால் நீ என்ன செய்வாய்? மடையை மண் போட்டு அடைத்துவிடுவாய். வீரியம் போகிற வரை, கீழ் வயல்காரர் வரப்பில் நின்று கத்தினாலும் தண்ணீர் விடமாட்டாய். அதையேதான் இவர்களும் செய்கிறார்கள். ஒரு வார்த்தை யாராவது படித்துச் சொல்லியிருந்தால், உனக்கு உடனே புரிந்திருக்குமே!

"சீக்கிரம் அடங்காததும் உண்டாம்மா?" என்று கேட்டேன்.

"கரண்ட் எடுக்கிற அணு உலைக் கழிவுல உண்டு தாத்தா. எத்தனையோ தலைமுறை ஆவும். அதைக் கண்ணாடியோட உருக்கி, எவர்சில்வர் உருளையில அடைச்சுக் காவல்ல வெப்பாங்க. பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல, கெட்டிப் பாறையில பொதைக்கிறதும் ஒரு வழிங்கிறாங்க."

"நம்ம பக்கம் பாறைக்கு எங்க போறது? வெட்டுனா வண்டல், அப்பறம் தண்ணி."

"அதான் இங்க பொதைக்க மாட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே தோண்டாதே என்று பாறை மேல் எழுதி வைப்பார்கள்தான். அத்தனை தலைமுறை கழித்து வருகிறவனுக்கு அந்த எழுத்து தெரியுமா? அவனும் நம்மைப் போல அதன் கீழேயே உட்கார்ந்திருந்தால்?

இந்தக் கடிதத்தை நம் மாதா கோயில் பங்கு இதழில் போடக் கொடுக்கப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. உன்னைப் போல் கேட்கக் கூச்சப்பட்டு வாய் திறக்காதவர்கள் இன்னும் இருப்பார்கள்.

நர்ஸ் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற ஸ்டெல்லா உள்ளே போய்விட்டாள். கதவு மூடியதும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எனக்குக் காட்டினாள். பிறகு பாதிக்கு மேல் ஒரே மூச்சில் குடித்தாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் அவளுக்கு ஸ்கேன். டாக்டர் என்ன சொன்னாலும், நல்லதோ கெட்டதோ, அன்றைக்கே உட்கார்ந்து மறைக்காமல் உனக்கு எழுதுவேன்.

உன் வீட்டுக்காரன்,
சவரிமுத்து