லல்வொர்த் கடலுக்கு நான் போட்ட பிளான்

என்னைப் பெயர் சொல்லாமல் "மூத்தவளே" என்றே கூப்பிட்ட வாப்பாவுக்கு, ஸலாம்.

உங்கள் இங்கிலாந்து விசா ஃபைலில் இருந்த ஹோட்டல் புக்கிங் தாளில் "பெரியவர் இருவர், பிள்ளை ஒன்று" என்று இருந்தது. அதைத்தான் முதலில் கவனித்தேன். தம்பிக்கு ஒன்பது வயது, அவன்தான் அந்தப் பிள்ளை. பதினாறு வயதுக்காரி என்னை எங்கே காணோம்? பிரிண்டரில் ஒரு வரி விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து அடுத்த தாளைப் புரட்டினேன். விசா சென்டரில் கைரேகை வைத்த ரசீதுகள். அதிலும் மூன்று பேர்.

ரசீதில் இருந்த அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. தம்பியின் பல்லைக் காட்ட துபாய் போகிறோம், கடையைப் பார்த்துக்கொள் என்றீர்கள். திரும்பும்போது எனக்கு மட்டும் ஷவர்மா வாங்கி வந்தீர்கள். தம்பி அன்று முழுக்க என் பக்கம் திரும்பவே இல்லை.

இங்கிலாந்துக் கடலுக்குப் போகலாம் என்றது நீங்கள். பிளான் போட்டது நான். முவைலாவில் இருக்கும் நம் மளிகைக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களுக்கு நடுவே போட்டேன். வேமத் என்ற ஊரிலிருந்து எந்த பஸ், லல்வொர்த்திலிருந்து மேடேறி டர்டல் டோர் என்ற அந்தப் பாறை வளைவுக்கு எவ்வளவு நடை, கடல் எப்போது உள்வாங்கும், எல்லாம் எழுதினேன். பொரித்த மீன் வாங்குமுன் என்ன எண்ணெய் என்று கேட்க வேண்டும், சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்களாம், அது நமக்கு ஹலால் ஆகாது என்று அடிக்கோடிட்டேன். "மீனைப் பத்தி நம்ம கடலோர ஊர்க்காரனுக்கே பாடமா?" என்று சிரித்தீர்கள். கைரேகை வைத்துவிட்டு வந்த பிறகும் சிரித்தீர்களே, அது எப்படி முடிந்தது?

நீங்கள் மௌத்தாகி, அடக்கம் செய்த பத்தாம் நாள் பாஸ்போர்ட்டுகள் வந்தன. விசா கிடைத்துவிட்டது, மூன்று பேருக்கும். உம்மாவிடம் கேட்டேன். தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்கள்:

"ஸ்கூல் லெட்டர் இல்லாத புள்ளய சேர்த்தா மொத்த ஃபைலும் ரிஜெக்ட் ஆயிடும்னு ஏஜென்ட் சொன்னாரு. கெளம்புற அன்னைக்குச் சொல்லிக்கலாம்னாங்க வாப்பா. ஒன்ன அல் கூஸ்ல இருக்கற மாமி வீட்ல விடறதாத்தான் இருந்துச்சு."

ஸ்கூல் லெட்டர். எட்டாவதோடு என்னை நிறுத்தியது யார், வாப்பா? உம்மாவுக்கு முதுகு ஆபரேஷன், கடைக்கு ஆள் இல்லை, ஒரே வருஷம்தான் என்று என் தலையில் கைவைத்துச் சொன்னது யார்? நான் ஏன் என்று கேட்கவில்லை. எதிர்த்து வாய் பேசாத பிள்ளை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வீர்கள். பேசாதவளிடம் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தீர்களா?

ஏஜென்ட் சொன்னது நிஜமா என்றுகூட எனக்குத் தெரியாது. நீங்கள் அவரிடம் இரண்டாம் முறை கேட்டீர்களா?

இப்போதைய சேதி: உங்கள் தம்பி ஹமீது சாச்சா கடையை எடுத்துக்கொண்டார். நாங்கள் இங்கே தங்கும் விசாவை ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். நீயில்லாமல் எங்கேயும் போக மாட்டேன் என்று உம்மா இப்போது சொல்கிறார்கள். தம்பி ஒரு நாள் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டான். அவனை மன்னித்துவிட்டேன். உங்களை இன்னும் இல்லை. உங்களுக்கு துஆ கேட்பதை மட்டும் ஒரு வக்து தொழுகையில்கூட விடவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் அந்த லல்வொர்த் மேட்டில் ஏறுவேன், வாப்பா. என்னை விட்டுவிட்டுப் போட்ட ஃபைலில் அல்ல, என் சொந்தக் காகிதத்தில்.

இன்று மாலை அஸர் தொழுதுவிட்டு, தனியாக டியூஷன் சென்டருக்குப் போனேன். தனித்தேர்வராகப் பத்தாவது எழுத வேண்டும் என்று சொன்னேன். மேஜையில் இருந்த அக்காவுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னேன். படிவம் தந்தார். தந்தை பெயர் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு உங்கள் பெயரை எழுத்து எழுத்தாக, பிழையில்லாமல் எழுதினேன்.

உங்கள் மூத்த மகள்,
ரஹ்மா