பேரிக்காய் மரத்தை உறங்க வைத்தோம்

மச்சான்,

இன்று காலை பேரிக்காய் மரத்தடியில் புல்லைச் செதுக்கும்போது மண்வெட்டி ணங்கென்று எதிலோ பட்டது. குனிந்து எடுத்தேன். நீ கிளையில் கட்டித் தொங்கவிட்ட கல். அதைச் சுற்றிய கம்பி துருப்பிடித்து இன்னும் இருக்கிறது. அந்த முடிச்சு போடத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், முதல் ஆள் நான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே! கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதுதான் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றாலும் கடிதம் எழுதுவதில் பெரகல சந்தி வரைக்கும் எனக்கு ஈடு கிடையாது, உனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளில் தேயிலைத் தோட்டத்துத் தொரை பங்களாவிலிருந்து அந்தக் கன்றை நாம் குடியிருக்கும் லயத்துக்குக் கொண்டுவந்தவன் நான். தொரை என் கையைப் பிடித்து, இது உன்னிடம்தான் வளரும் என்று கொடுத்ததாக இன்றைக்கும் சொல்கிறேன். நீயோ எல்லோர் முன்னாலும் போட்டு உடைப்பாய்: "தொர எங்க குடுத்தாரு? தோட்டக்காரன் புடுங்கி வீசுனத ரெண்டு பேரும் பொறுக்கிட்டு வந்தோம்." என் தங்கச்சி புருஷனாயிற்றே என்று விட்டேன். வேறு எவனாவது என்றால் பதுளை வரைக்கும் ஓட ஓட விரட்டியிருப்பேன்.

அது குளிர் தேசத்து மரம். அங்கே பனிக்காலம் வந்தால் இலையெல்லாம் தானாக உதிர்ந்து மரம் உறங்குமாம். நம் மலைக்குளிர் அதற்குப் போதாது. அதனால் ஐப்பசி கழியும்போது நாம்தான் இலையை உருவி அதற்குக் குளிர்காலத்தைக் கொடுப்போம். நீ மேலே, நான் கீழே. பகலெல்லாம் தேயிலையைக் கவ்வாத்துக் கத்தியால் ஒரே வீச்சில் வெட்டித் தள்ளும் உன் கை, இங்கே மொட்டு நோகாமல் ஒவ்வோர் இலையாக மடக்கி உருவும். நெட்டுக்குத்தாகப் போகும் கிளைகளில் கல் கட்டி வளைப்போம். அடியில் சாணத்தைப் போட்டு மானாப்புல்லால் மூடுவோம். கடைசியில் மரத்தைத் தட்டி, "தூங்கும்மா, தையில எழுப்புறோம்" என்பாய்.

தையில் வெள்ளை வெளேரென்று எழும். நான் லயம் லயமாகப் போய், லட்சம் பூ என்பேன். "உங்கண்ணன் சொன்னதுல பாதியக் கழிச்சிரு" என்று தங்கச்சியிடம் சொல்வாய். நான் முறைப்பேன். நீ சிரிப்பாய்.

அப்புறம் ஒரு வருஷம் ஆவணியிலேயே ரத்தமாக இருமி, பதுளை ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாய். பார்க்க வந்த என்னிடம், "தை வரைக்கும் தாங்க மாட்டேன் மச்சான். பூவப் பாக்காமப் போறதுதான் ஒரு மாதிரியா இருக்கு" என்றாய். வேறு எதைப் பற்றியும் நீ குறை சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் மரத்தில் ஏறி இலையில் கை வைத்தேன். தங்கச்சி ஓடி வந்தாள்.

"அண்ணே, இப்ப உருவுனா அடமழையில பூக்கும். ஒரு காய் தங்காது. மரமே கெட்டாலும் கெட்டுரும்!"

"காய் யாருக்கு வேணும்? பூக்க வச்சுக் காட்டுறேன் பாரு. எந்த மரம் எம்பேச்சக் கேக்காம இருந்திருக்கு?"

"மரம் கேக்கும். மழ கேக்குமா?"

சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவளே கீழ்க்கிளையில் இலையை உருவத் தொடங்கினாள்.

பூத்தது மச்சான். ஐப்பசி மழைக்கு நடுவில் பூத்தது. அடர்ந்த கிளையாகப் பார்த்து ஒடித்து, குடைக்குள் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். கிளைக்கென்று கண்டக்டர் தனி சீட் கொடுத்தான் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், நிற்கவே இடமில்லை. வளைவுக்கு வளைவு யாராவது இடிக்க, பூ என் சட்டையில் உதிர்ந்தது. உன் கட்டிலுக்கு வந்தபோது கையில் இருந்தது ஒரு குச்சியும், நுனியில் ஒட்டியிருந்த இரண்டு மூன்று பூவும்தான்.

அதை வாங்கி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாய்.

"எவ்வளவு பூத்துச்சு?"

"லட்சம்!"

சிரிக்கப் பார்த்தாய், இருமல் வந்துவிட்டது. வழக்கம்போலப் பாதியைக் கழிப்பாய் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"லட்சமா... சரி, லட்சம்தான்" என்றாய்.

நீ கழிக்கவில்லை. அந்த வாரத்தை நீ தாண்டவில்லை.

மரம் கெடவில்லை மச்சான். ஐப்பசி தோறும் நானும் தங்கச்சியும் இலை உருவுகிறோம். மேலே ஏறுவது இப்போது நான். இந்த வருஷமும் அந்தப் பழைய கல்லையே புதுக் கம்பியில் கட்டப் போகிறேன். லயத்தில் என் கதைகளுக்குக் குறைச்சலில்லை. எதைச் சொன்னாலும் பிள்ளைகள் "ஆமாங்க மாமா" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மறுத்துப் பேச ஓர் ஆள் இல்லாமல் லட்சம் பூவைச் சொல்லி என்ன செய்வது?

போன தையில் மரம் பூத்தது. எல்லாப் பூவையும் உதிர்த்துச் சேர்த்தால் ஒரு கொழுந்துக் கூடை நிறையும். பாதியைக் கழிக்காதே. நானே கழித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.