படிவத்தில் போட்ட சொல்

ஜூன் 3, புதன்

நிலாவின் எல்கேஜி படிவத்தில், குழந்தைக்கு என்ன நோய் என்ற இடத்தில் 'ஃபிட்ஸ்' என்று எழுதப் போனேன். அவள் அப்பா தடுத்தார்.

"அதப் போட்டா கே.கே. நகர்ல எவன் சீட்டு தருவான்? 'கிடினஸ்'னு போடு. ரெண்டும் ஒண்ணுதான்."

"மயக்கமும் வலிப்பும் ஒண்ணாங்க?"

"மூணு மாசமா வரலைல? எழுதும்மா."

எழுதினேன். சீட்டும் கிடைத்தது. இன்று பள்ளியில் படிவத்தைப் பார்த்துவிட்டு, எல்கேஜி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா சிரித்தார்.

"பயப்படாதீக. மயங்குனா வாயில தண்ணிய ஊத்தி எழுப்பிருவேன்."

வலிப்பு வரும்போது வாயில் சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

நாளை எட்டரைக்கு வேன் வரும். நிலாவின் தண்ணீர் பாட்டிலை நிரப்பிப் பையில் வைத்தேன். மறுபடி வெளியே எடுத்து வைத்திருக்கிறேன்.