மழையில் கிடந்த கோப்பைகள்

அன்பு மாறாத அண்ணிக்கு,

மெட்ராஸில் விடிந்ததிலிருந்து மழை. ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் தோழி ஒருத்தியோடு சேர்ந்து எடுத்திருக்கும் மாடி அறையில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுதுகிறேன். எழுத்துக் கூட்டித்தானே படிப்பீர்கள், அதனால் பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்.

உங்கள் மகள் பூங்கொடி நாளைக் காலை ரயிலில் வருகிறாள். அண்ணன் கொண்டுவந்து விடுகிறார். ஒரு வாரம் என்னோடு இருப்பாள். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அண்ணன் இதற்கு எப்படி ஒப்புக்கொண்டார் என்று சொல்ல வேண்டுமானால், நாம் இரண்டு பேரும் இந்த ஊருக்கு வந்த அந்த மழை நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்போது பூங்கொடி பிறக்கவில்லை. எனக்கு இன்டர்வியூ. நம் வீட்டில் பி.ஏ. முடித்த முதல் ஆள் நான்தான், ஆனால் நாலு பேர் முன்னால் நின்றால் குரல் வராது. இந்த வேலை கிடைக்காவிட்டால் சேத்தியாத்தோப்பு மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. பீங்கான் பட்டறையில் சூளை மூட்டியிருந்ததால் அண்ணனால் நகர முடியவில்லை. “நான் கூட்டிக்கினு போறேன்” என்று நீங்கள் கிளம்பினீர்கள். விழுப்புரத்தைத் தாண்டியே அறியாதவர், என்ன தைரியம் உங்களுக்கு?

எழும்பூரில் இறங்கும்போதே கொட்டிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் ரயில் எஞ்சினின் கரித்தூள். ஆபீஸுக்குப் போனால் வாசலில் இருந்த பியூன், “ஐயா வீட்டாண்ட தண்ணி. நாலு மணிக்கு வாங்க” என்று சொல்லிவிட்டார். ஸ்டேஷனுக்கே திரும்பிப் போய் உட்கார்ந்து, மனப்பாடம் செய்துவைத்த பதில்களை இன்னொரு முறை பார்க்கலாம் என்றேன்.

“அதையே எத்தினி வாட்டிதான் மெல்லுவ? சக்கையா போயிருக்கும். வா மதி, ஊரப் பாக்கலாம்.”

“அண்ணன் கேட்டா?”

“ஸ்டேஷன்ல குந்தியிருந்தோம்னு சொல்லிக்கலாம்.”

மாடி பஸ்ஸைக் கண்டதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே ஏறினீர்கள். முன்வரிசை காலியாக இருந்தது. மரக்கிளைகள் கண்ணாடியில் உரசும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டீர்கள். கண்டக்டர், “இன்னாம்மா, கெளை உள்ள வந்துடுமா?” என்று கேட்டதற்கு, “ஒங்க ஊரு கெள, யாரு கண்டா” என்றீர்கள். பஸ்ஸே சிரித்தது. நான் ஒருத்திதான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

கடற்கரையில் நம்மைத் தவிர ஆளில்லை. கடலை முதல் முறையாகப் பார்த்துவிட்டு, அலை காலைத் தொடும்வரை நேரே நடந்தீர்கள். பிறகு, “இவ்ளோ தண்ணி மேலயும் பேயுது பாரேன். நம்ம வெள்ளாத்துக்குக் குடுத்தா ஆவாதா?” என்று கேட்டீர்கள். குடையை மடக்கி என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தை மழைக்குக் காட்டினீர்கள். “மதி, இங்க பேயிற மழைக்கு நான் எதையும் மூட வேணாம், உள்ள எடுத்து வெக்க வேணாம். சும்மா நின்னா போதும்.”

அதன் பொருள் நம் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். சூளையில் வைக்கும் முன்னால் கோப்பையும் ஜாடியும் பச்சைக் களிமண்தான். முற்றத்தில் காயும்போது தூறல் பட்டாலும் சேறாகிவிடும். பட்டறை வேலைக்குப் போன நாளிலிருந்து, வானம் இருண்டால் உங்கள் கால்தான் முதலில் ஓடும். கல்யாணமாகி வந்த புதிதில், சாப்பாட்டுத் தட்டின் முன்னாலிருந்து எழுந்து ஓடியிருக்கிறீர்கள்.

கடற்கரையிலிருந்து வந்து பஸ் நிறுத்தக் கூரையடியில் நின்றோமே, அப்போது மழை சற்று விட்டிருந்தது. எதிரே நடைபாதையில் கோணியை விரித்து ஒருவர் பூப்போட்ட கோப்பைகள் பரப்பியிருந்தார். மறுபடி சடசடவென்று பிடித்துக்கொண்டதும் அவர் மட்டும் எழுந்து டீக்கடைக்குள் ஒதுங்கினார். நான் திரும்பிப் பார்க்கிறேன், பக்கத்தில் உங்களைக் காணோம். சாலையைத் தாண்டி ஓடி, மடி நிறையக் கோப்பைகளை அள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். “மதி, நிக்கிறியே, எடு எடு, கரஞ்சிடும்.” நானும் என்ன நினைத்தேனோ, ஓடிவந்து இரண்டு கையிலும் அள்ளினேன்.

“யம்மா, யம்மா, பொருள தூக்கினு எங்க போறீங்க ரெண்டு பேரும்?” என்று அவர் டீ கிளாஸோடு ஓடிவந்தார்.

“உள்ள வெக்கிறோம்யா. மழையில போட்டுட்டுப் போயிட்டியே, பாவி.”

“வெந்த சாமான்மா அது. மழையில கரைய அது இன்னா வெல்லமா? நீங்க எந்த ஊரு?”

நீங்கள் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தீர்கள். நாள் முழுக்க அதே போன்ற கோப்பைகளோடு கிடப்பவர் நீங்கள். அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தீர்கள். “விருத்தாசலம்னு சொல்லிடாத மதி, ஊரு மானம் போயிடும்.” அந்த மனிதரும் சிரித்துவிட்டு, நமக்கும் டீ சொன்னார். அந்தக் கோப்பைகளிலேயே குடித்தோம். உங்கள் கோப்பையில் பாதி மழைத்தண்ணீர்.

நாலு மணிக்கு நான் போய் நின்றபோது புடவையெல்லாம் ஈரம், மடியெல்லாம் நடைபாதைச் சேறு. நடுவில் இருந்த அதிகாரி, “எங்கேயாவது விழுந்துவிட்டீர்களா?” என்று கேட்டார். மனப்பாடம் செய்த பதில்களில் இதற்குப் பதில் இல்லை. வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன். கிளை, கடல், கோப்பை, எல்லாம். வெல்லமா என்று கோப்பைக்காரர் கேட்டதைச் சொன்னபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கேட்டதற்கெல்லாம் என் குரல் தானாகவே வந்தது. வெளியே வராந்தாவில் முந்தானையைப் பிழிந்துகொண்டு நின்ற உங்களிடம் இதை நான் சரியாகச் சொன்னேனா, அண்ணி? ரயிலுக்கு ஓடும் அவசரத்தில் சொல்லவே இல்லை என்று நினைக்கிறேன். இப்போது சொல்கிறேன். அன்றைக்குப் பேசியது பாதி நீங்கள்.

பிறகு வந்த கார்த்திகைகளில் ஒன்றுதான் உங்களைக் கொண்டுபோனது. இரவெல்லாம் நனைந்து பச்சைச் சாமானை உள்ளே எடுத்து வைத்தீர்கள். சாமான் பிழைத்தது. உங்களுக்கு வந்த காய்ச்சல் இறங்கவில்லை. அதிலிருந்து அண்ணன், வானம் கறுத்தாலே பிள்ளையை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார். போன மாதம் ஊருக்குப் போனபோது பார்த்தேன். ஜன்னல் கம்பிக்கு வெளியே பூங்கொடி ஒரு கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தாள். அப்பா வரும் சத்தம் கேட்டதும் கையை இழுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கேட்டேன். “அண்ணா, பூங்கொடிய ஒரு வாரம் எங்கூட அனுப்புங்க.”

“தை பொறக்கட்டும் பாப்பா. இப்ப அங்க மழ.”

“மழைக்குத்தான் கூப்புடுறேன்.”

அண்ணன் நிமிர்ந்தார். “அவங்கம்மாவ எது கொண்டுக்கினு போச்சுன்னு தெரிஞ்சிதான் பேசுறியா?”

உங்களுக்குத் தெரியும், அண்ணன் இப்படிக் கேட்டால் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அன்று போகவில்லை. அந்த மெட்ராஸ் நாளைச் சொல்ல ஆரம்பித்தேன். நாம் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. கதையில் நடைபாதைவரை வந்திருப்பேன்.

“பூப்போட்ட கோப்பதான?” என்றார் அண்ணன்.

“ஒங்களுக்கு யாரு சொன்னா?” என்றேன்.

“மறுநாளே சொல்லிட்டா. ஸ்டேஷன்ல குந்தியிருந்தோம்னு சொல்லிக்கலாம்னு மதிகிட்ட சொல்லியிருக்கேன், நீங்க கேக்காத மாதிரி இருங்கன்னு சொல்லிட்டு முழுசும் சொன்னா. அந்த ஆளு மாதிரியே பேசிக் காட்டுவா. படுத்தா சிரிப்பு, எழுந்தா சிரிப்பு.”

சொல்லும்போதே அவரும் சிரித்துவிட்டார். பிறகு, “அவ கடைசியா நனஞ்சி வந்து வாசப்படில நின்னாளே, அதுதான் இத்தினி நாளா கண்ணுல நிக்குது. அவ சிரிச்சத மறந்தே பூட்டேன் பாரு” என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பெரிய கொடையா ஒண்ணு வாங்கி வெய்யி. நானே கொண்டாந்து வுடுறேன்.”

இரகசியம் காக்கத் தெரியாதவரே, உங்களை என்ன செய்வது?

குடை வாங்கிவிட்டேன். நாளை மாடி பஸ்ஸில் முன்வரிசை கிடைக்கும்வரை எத்தனை பஸ் போனாலும் விட்டுவிடப்போகிறேன். கிளைக்கு அவள் குனிகிறாளா என்று பார்க்க வேண்டும். கடற்கரையில் மழை பிடித்தால் குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொள்வேன். போதும் அத்தை என்று அவளாக வரும்வரை, “உள்ளே வா” என்று கூப்பிட மாட்டேன். தலை துவட்டத் துண்டோடு பக்கத்திலேயே நிற்பேன். இது உங்களுக்கு என் வாக்கு.

மாடி பஸ்ஸில் இன்னும் உங்களுக்கு இடம் விட்டே உட்காரும்,
உங்கள் நாத்தனார்
மதி